கொசுப்புரையியல்: வேடமணிவார் மரபு குறித்த ஓர் ஆய்வு

பாயிரம்

நூலுக்கு முகம் போன்றது பாயிரம் என்பதாலும், முகத்தில் வண்ணம் பூசிக்கொள்வோரைப் பற்றிய நூலுக்கு அது இருமடங்கு தேவை என்பதாலும், சிறப்புப் பாயிரத்துக்கு நன்னூலார் வகுத்த எட்டு உறுப்புகளையும் முதற்கண் நிறைவு செய்துவிடுவது இவ்வாய்வின் கடமையாகிறது. நுதலிய பொருள், காஸ்ப்ளே என்று உலகோர் வழங்கும் வேடமணிதல். அதாவது அனிமே, காமிக்ஸ், திரைப்படம், வீடியோ கேம் ஆகியவற்றில் வரும் பாத்திரம் ஒன்றின் உடை, முடி, ஆயுதம் முதலியவற்றைத் தன் கையாலேயே செய்து, அணிந்து, அதே பித்துடைய பிறர் கூடும் மாநாட்டுக்குச் சென்று, நின்று, படம் எடுக்கப்பட்டுத் திரும்புதல். எல்லை, கிழக்கே நகோயாவும் மேற்கே சான் டியேகோவும்; இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பது பசிபிக் பெருங்கடலா, நந்தம்பாக்கமா என்பது பூகோள உருண்டையை எந்தப் பக்கம் சுற்றுவது என்பதைப் பொறுத்தது. வழி, முதல்நூல் எதுவும் அகப்படாமையால் வழிநூலும் அன்று, சார்புநூலும் அன்று. யாப்பு, தொகுத்தும் விரித்தும் செய்ததாகச் சொல்லிக்கொண்டு பெரும்பாலும் விரித்தே செய்தது. கேட்போர், துறைத்தலைவரின் வற்புறுத்தலால் கருத்தரங்குக்கு வந்து கடைசி வரிசையில் மின்விசிறிக்கு அடியில் அமர்ந்திருப்போர். பயன், பதவி உயர்வுக்கான புள்ளிகள். ஆக்கியோன் பெயர் அவையடக்கம் கருதி விடப்பட்டது. நூற்பெயர்க் காரணம் அடுத்த இயலில் தேவைக்கு மேல் விளக்கப்படும்.

1. பெயரியல்

காஸ்ப்ளே என்பது ஆங்கிலச் சொல்போல் ஒலித்தாலும் பிறந்தது ஜப்பானில். நொபுயுகி தகஹஷி என்பார் 1983 ஜூன் மாத ‘மை அனிமே’ இதழில், காஸ்ட்யூம், ப்ளே என்னும் இரு சொற்களின் தலைப்பகுதிகளையும் நறுக்கி ஒட்டிக் கொசுபுரே என்று அச்சேற்றினார். பெர்சனல் கம்ப்யூட்டரைப் பசொகொன் என்றும் ரிமோட் கண்ட்ரோலை ரிமொகொன் என்றும் குறுக்கி வழங்கும் அந்நாட்டு வழக்கில் இது வியப்புக்குரியதன்று. அவரே 1984இல் லாஸ் ஏஞ்சலஸில் கூடிய உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கும் சென்று அங்கே வேடமணிந்தோரைக் கண்டு வந்தமையால், சொல் பிறந்த ஆண்டு 1984 என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. பழைய இதழைப் புரட்டிப் பார்த்தபின் பிறந்தநாள் ஓராண்டு முன்னே நகர்ந்தது. ஓராண்டு வேறுபாட்டைப் பொருட்படுத்தி ஒருவர் இதழைத் தேடி எடுத்தார் என்பது, சங்க காலத்தை ஐந்நூறு ஆண்டு முன்னும் பின்னுமாக நகர்த்திப் பழகிய கைகளுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றக்கூடும்.

எனினும், ஒரு சொல்லைப் பெற்றவர் பெயரும் பிறந்த இடமும் பிறந்த மாதமும் ஐயமறத் தெரிந்திருப்பதையே அது தமிழ்ச்சொல் அன்று என்பதற்குச் சான்றாகக் கொள்ளும் அவசரம் வேர்ச்சொல் ஆய்வாளருக்கு ஆகாது. கொசுபுரே என்பது கொசு, புரை என்னும் இரு தூய தமிழ்ச் சொற்கள் கூடிய கொசுப்புரை என்பதன் திரிபே. இடையில் நின்ற பகர ஒற்று, கடல் கடக்கையில் உப்புக் காற்றில் அரித்துப் போயிற்று. புரைய என்பது உவம உருபு என இலக்கண நூல்கள் எண்ணுவதால், கொசுப்புரை என்பதன் பொருள் கொசுவைப் போன்றது என்பதாகும். இதுவரை கருத்து வேறுபாடு இல்லை. எது கொசுவைப் போன்றது என்பதில்தான் அறிஞருலகு நான்காகப் பிளந்து நிற்கிறது.

வேடமணிந்தவரே கொசுவைப் போன்றவர் என்பர் முதற்சாரார். மெல்லிய சிறகும் நீண்ட காலும் உடையராய், உட்கார இடமிருந்தும் உடை கசங்கும் என்று உட்காராமல் நின்றுகொண்டே இருப்பது அவர்க்கும் கொசுவுக்கும் பொதுத்தன்மை என்பது அவர் துணிபு. படம் எடுப்போரே கொசு என்பர் இரண்டாம் சாரார். எங்கிருந்து வந்தனர் என்று தெரியாமல் மொய்த்து, முகத்தருகே வந்து, சிறு ஒலி எழுப்பி, வேண்டியதை எடுத்துக்கொண்டு அகலும் அவரை ஜப்பானியர் கமெகோ, அதாவது கேமராப் பொடியன், என்று அழைப்பதும் இக்கொள்கைக்கு வலுச்சேர்க்கும். புரை என்பது துளை என்றும் பொருள்படுதலால், கொசுவுக்கு எதிராகத் துளையிட்ட துணி, அதாவது கொசுவலை என்பதே சொல்லின் மூலப்பொருள் என்பர் மூன்றாம் சாரார். தேவதை வேடத்துக்குச் சிறகு வேண்டியபோது வீட்டுக் கொசுவலை கிழிபடாத குடும்பம் இல்லையாதலின், அவ்வீடுகளில் அன்றிரவு உறங்க முயன்றோரெல்லாம் இக்கொள்கையை ஆதரிப்பர். நான்காம் சாராரோ, செயற்கை முடியின் விலையைக் கேட்ட தந்தையர்க்குத் தேநீர் புரையேறிய நிகழ்ச்சியே இச்சொல்லின் பின்புலம் என்று கூறி, கொசுவைத் தேநீரில் விழுந்ததாக அமைதி காண்பர். காசுப்பிழை என்பதே சரியான வடிவம் என்று பெற்றோர் பலர் கருதுவது பொருளால் மிகவும் பொருந்தினும் ஒலியால் பொருந்தாமையின் இங்குத் தள்ளப்பட்டது.

2. தோற்றவியல்

அறியப்பட்ட வரையில், 1939 ஜூலையில் நியூயார்க்கில் கூடிய முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டில், இருநூறு பேர் அளவில் கோட்டும் டையுமாகத் திரண்டிருக்க, இருவர் மட்டும் வரவிருக்கும் நூற்றாண்டிலிருந்து இறங்கி வந்தவர்போல் உடுத்தி வந்தனர். ஒருவர் ஃபாரஸ்ட் ஆக்கர்மன். மற்றவர் எஸ்பெராண்டோ மொழி மீதிருந்த பற்றால் மொரோஜோ என்று பெயர் பூண்ட மர்ட்டில் டக்ளஸ். எச். ஜி. வெல்ஸின் எழுத்தில் 1936இல் வெளிவந்த ‘திங்ஸ் டு கம்’ திரைப்படத்தின் சாயல் கொண்ட அவ்விரு உடைகளையும் செய்தவர் டக்ளஸ். ஆக்கர்மன் வேடமணிவாரின் தந்தை எனப்பட்டார். தைத்தவர் பெயரோ பல பத்தாண்டுகள் அடிக்குறிப்பிலேயே கிடந்தது. உழைத்தவர் ஒருவராகவும் பெயர் முன்னே வருபவர் மற்றொருவராகவும் இருக்கும் இவ்வமைப்பு, ஆய்வு மாணவரும் நெறியாளரும் இணைந்து எழுதும் கட்டுரைகளில் இன்றளவும் வழுவாமல் பேணப்படுவதால், வேடமணிதலுக்கும் உயர்கல்விக்கும் இனத்தொடர்பு உண்டு என்பது இவ்வாய்வின் முதற் கண்டுபிடிப்பு.

பின்னர் நிகழ்ந்தவை சுருக்கமாகவே சொல்லத்தக்கன. 1940இல் சிகாகோ மாநாட்டில் மாறுவேட நிகழ்ச்சியே ஒன்று வைக்கப்பட்டது. 1970இல் சான் டியேகோவில் காமிக்ஸ் அன்பர் கூட்டம் தொடங்கியது. 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் எழுநூறு பேர் அளவில் கூடிய காமிக் மார்க்கெட், கொமிகெட் என்று பெயரில் குறுகி, ஆளில் பெருகி, இன்று கோடையிலும் குளிர்காலத்திலுமாக ஆண்டுக்கு இருமுறை டோக்கியோ பிக் சைட் அரங்கை நிரப்புகிறது. வேடமணிவோர் வீட்டிலிருந்தே வேடத்தோடு வரலாகாது, வேடத்தோடு வீடு திரும்பலும் ஆகாது, அரங்கில் ஒதுக்கப்பட்ட அறையில் மாற்றிக்கொண்டு அங்கேயே களைந்து செல்லவேண்டும் என்பது கொமிகெட் விதி. இவ்விதி புறனடையில் மீண்டும் வேண்டப்படும் ஆதலின் நினைவில் கொள்க. 2003இல் நகோயாவில் உலக வேடமணிவார் உச்சிமாநாடு தொடங்கி, 2005 முதல் நாட்டுக்கு ஓர் அணி என்று போட்டியாகவும் நடக்கலாயிற்று; முதல் வெற்றி இத்தாலிக்கு. அணியும் உடையைப் போட்டியாளர் தாமே செய்திருக்கவேண்டும் என்பது அங்கு விதி. முனைவர் பட்டத்துக்கும் இப்படி ஒன்று இருந்தால் என்னாகும் என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இந்தியாவில் 2011இல் தில்லியில் முளைத்த காமிக் கான், 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கத்துச் சென்னை வணிக மையத்தை வந்தடைந்தது.

ஆயினும் ஆதி ஒன்று கிடைத்தபின் அதற்கு முந்தைய ஆதியைத் தேடாவிடில் ஆய்வு நிறைவு பெறாது. மாதவி ஆடிய பதினோராடலில், கொற்றவை மரக்கால் கட்டி ஆடிய மரக்கால் ஆடலும், இந்திராணி உழத்தி வடிவு கொண்டு ஆடிய கடையமும் உண்டு. முன்னது, நெடிய பாத்திரங்களுக்காக இன்றைய இளைஞர் அணியும் அடித்தட்டு உயர்ந்த காலணியின் முன்னோடி என்பதும், பின்னது, வான்வாழ் பாத்திரம் மண்வாழ் வேடம் புனையும் வகைக்கு முன்மாதிரி என்பதும் வெளிப்படை. புகாரில் இருபத்தெட்டு நாள் நிகழ்ந்த இந்திர விழாவே உலகின் முதல் ரசிகர் மாநாடு. அதற்கு நுழைவுச்சீட்டோ கைப்பட்டையோ கிடைக்கவில்லையே என்று கேட்போர்க்கு, புகார் கடல்கொள்ளப்பட்டது என்பதே விடை. சான்று கிடைக்காமையைக் காட்டிலும் வலிய சான்று இத்துறையில் இல்லை.

3. திணையியல்

வேடமணிவார் வாழ்வு முழுவதும் ஐந்திணையுள் அடங்கும். உரிப்பொருளும் சிறுபொழுதும் பழைய நூல்கள் விதித்தவாறே அமைந்திருப்பது, பண்டையோர் இதனை முன்னறிந்தே விதித்தனர் என்பதைக் காட்டும்.

குறிஞ்சி: புணர்தல், யாமம். மாநாட்டுக்கு முந்தைய நள்ளிரவில் துண்டோடு துண்டு ஒட்டப்படுவது. இதன் பெருமை கருதி இதற்குத் தனி இயல் ஒதுக்கப்பட்டுள்ளது.

முல்லை: இருத்தல், மாலை. வெள்ளி நிறச் செயற்கை முடிக்குப் பணம் கட்டிவிட்டு, கூரியர் வருவதாகச் சொல்லிச் சென்ற நாள் கழிந்தபின்னும் மாலைதோறும் வாசலை நோக்கி ஆற்றியிருத்தல். பொட்டலம் எங்கு வருகிறது என்று தலைவன் அலைபேசியில் பார்க்க, அது மூன்று நாளாக ஒரே கிடங்கில் இருப்பதாகக் காட்டும்.

மருதம்: ஊடல், வைகறை. தாயார் ரவிக்கைத் துணிக்கென்றே பொத்திவைத்திருந்த கத்தரிக்கோலால் ஃபோம் ஷீட் வெட்டப்பட்ட செய்தி விடியலில் வெளிப்படுதலால் நிகழ்வது. வாயிலாகப் பாட்டி தூது செல்வார்; வாயில் மறுக்கப்படும்.

பாலை: பிரிதல், நண்பகல். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்கப்பட்ட மார்புக்கவசம், சூட்டில் பசை இளகித் தோளைப் பிரிதல். தோளைப் பிரிந்த வருத்தம் தலைவிக்கு உரியது என்னும் பழைய விதி இங்குச் சொல்லுக்குச் சொல் பொருந்துவதை அறிஞர் நோக்குக.

நெய்தல்: இரங்கல், எற்பாடு. பொழுது சாய்ந்து அரங்கு காலியாகி, துப்புரவுப் பணியாளர் கூட்டும் குப்பையில் தன் சிறகின் இறகும் கிடக்கக் காணுதல்.

இவற்றின் வேறாகக் கைக்கிளையும் பெருந்திணையும் உண்டு. அணிந்தவர்க்கு மட்டுமே தெரிந்த பாத்திரத்தை அணிந்து, நாள் முழுதும் எவரேனும் அடையாளம் காண்பர் எனக் காத்திருப்பது கைக்கிளை. இட்லிக் குண்டானாக வேடமிடுவது பெருந்திணை.

இத்திணைகளுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்க பெருமக்களின் இயற்பெயர் கிடைக்கவில்லை. பெயர் மறைந்த சங்கப் புலவர்க்கு அவர்தம் பாட்டில் சிறந்த தொடராலேயே பெயர் சூட்டிய மரபைப் பின்பற்றி, இங்கும் அவரவர் பட்ட இடராலேயே பெயர் சூட்டப்படுகிறது. மின்தொடர்வண்டியின் கதவு மூடியபோது வெளியே நின்ற பாதிச் சிறகோடு அடுத்த நிலையம்வரை பயணம் செய்தவர் கதவிடைச்சிறகனார். நான்கு மணிநேரம் கழற்றவியலாத கவசத்துக்குள் புகுந்தபின், அதற்கு முன் தண்ணீர் குடித்ததை எண்ணி வருந்தியவர் முன்னுண்டநீரனார். அளவுத்தாளைத் திருப்பிப்போட மறந்து, வலக்கைக்கும் இடக்கைக்கவசத்தையே செய்து முடித்தவர் இரண்டிடக்கையனார். இவர்கள் மூவரும் ஒருவரே என்று வாதிடும் கட்டுரையும், மூவர் அல்லர் ஒன்பதின்மர் என்று மறுக்கும் கட்டுரையும், அக்கட்டுரையாளர் இருவரும் ஒருவரே என்று நிறுவும் கட்டுரையும் அச்சில் உள்ளன. அச்சகம் திறந்தபின் வெளிவரும்.

4. புணரியல்

புணர்ச்சியாவது நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் கூடுவது. இத்துறையில் நிலைமொழிக்கு நிகரானது நிலைத்துண்டு. வருமொழிக்கு நிகரானது வருதுண்டு. வருதுண்டு என்பது இலக்கணம். வருந்துண்டு என்பது அனுபவம்.

துண்டு எனப்படுவது ஈ.வி.ஏ. ஃபோம். எத்திலீனும் வைனைல் அசிட்டேட்டும் சேர்ந்து உருவாகும் ரப்பர்த்தன்மையுள்ள இந்த இலேசான பொருள், செருப்பின் அடியிலும், உடற்பயிற்சிக் கூடத்தின் தரையிலும், குழந்தைகள் கோத்து விளையாடும் எழுத்துப் பாயிலும் காணப்படுவது. நேற்றுவரை காலடியில் கிடந்து இன்று மார்புக்கவசமாக உயர்வதால் இதன் வாழ்வு அரசியலோடு ஒப்பிட்டு ஆராயத்தக்கது. இதனை வெட்டக் கட்டரின் அலகு மிகக் கூரியதாக இருத்தல் வேண்டும். ஃபோம் அலகை விரைவில் மழுக்கிவிடுமாதலின், சில வெட்டுகளுக்கு ஒருமுறை நுனியை ஒடித்துப் புதிது காணவேண்டும். வெட்டியபின் ஹீட் கன் எனப்படும் வெப்பக்காற்றுக் கருவியை மேலே மெல்ல ஓட்ட, நுண்துளைகள் அடைபட்டு மேற்பரப்பு ஒரு கணம் மினுங்கும். அந்த மினுக்கத்தைக் கண்ட கணமே கையை நகர்த்தத் தெரிந்தவர் கற்றவர், நகர்த்தாதவர் கற்றுக்கொண்டிருப்பவர். பஞ்சர் ஒட்டும் கடையில் சொல்யூஷன் என்று வழங்கும் பசையின் இனத்தைச் சேர்ந்ததை இரு விளிம்பிலும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பின் ஒரே முறை வைத்து அழுத்தவேண்டும். தவறாக வைத்தால் மறுமுறை இல்லை. அவசரக்காரரும் ஆகாது, மறதிக்காரரும் ஆகாது என்னும் இவ்வொரு பதத்துக்காகவே பலர் இத்துறையைத் துறந்து கவிதை எழுதப் போயினர்.

இயல்புப் புணர்ச்சி என்பது இரு துண்டும் எம்மாற்றமும் இன்றிக் கூடுவது. இதற்கு எடுத்துக்காட்டுக் கிடைத்திலது. விகாரப் புணர்ச்சி மூன்று. குளூ கன்னின் மூக்கிலிருந்து உருகிய பசை நூல் நூலாக இழுபட்டுச் சிலந்தி வலைபோல் எங்கும் படர்வது தோன்றல். மேலே சுட்டிய இரண்டிடக்கையனார்க்கு நேர்ந்தது திரிதல். ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு அலைபேசியை எடுத்தவர்க்கு நேர்வது கெடுதல்.

இவ்வியலின் உயிர்நாடியான மூலபாடம், ஒரு மாநாட்டுக்கு முந்தைய இரவு இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு அலைபேசிவழி அனுப்பப்பட்ட ஒரு வரிச் செய்தியாகும். தொல்காப்பியத்துக்கு உரை கண்டோரைக் காட்டிலும் இவ்வொரு வரிக்கு உரை கண்டோர் மிகுதி. பாடம் வருமாறு: மச்சி குளூ தீந்துருச்சு.

மச்சி என்பது விளி என்பதில் பழைய உரைகாரர் ஒருமிக்கின்றனர். பிற்காலத்தார் ஒருவர், செய்தியில் காற்புள்ளி இல்லாமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு, மச்சி குளூ என்பதை மச்சியினது குளூ என விரித்து ஆறாம் வேற்றுமைத் தொகையாக்கி, தீர்ந்தது பெறுநரின் பசையே என்றும், கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தியவர் அனுப்பிய ஒப்புதல் வாக்குமூலமே இச்செய்தி என்றும் உரைத்தார். அவ்வாறாயின் மச்சிக்குளூ என ஒற்று மிக்கிருக்க வேண்டுமே என்று மறுத்தோர்க்கு, உயர்திணைப் பெயர்முன் வல்லினம் இயல்பாதலும் உண்டு என்று விடையிறுத்தார். மச்சி உயர்திணையா என்று அவையில் ஒருவர் எழுப்பிய வினாவால் அன்றைய அமர்வு பாதியில் முடிந்தது.

குளூ என்பது பசையைக் குறியாது பசைக்குச்சியைக் குறித்தலால் ஆகுபெயர். எது எதற்கு ஆகிவந்தது என்பதில் மூன்று கொள்கைகள் உள. மூன்றும் ஒரே பேராசிரியருடையவை, மூன்று கருத்தரங்குகளில் வாசிக்கப்பட்டவை.

தீந்துருச்சு என்பதே பெரும்பூசலுக்கு இடமாயிற்று. தீர்ந்துவிட்டது என்பதன் பேச்சு வடிவம் இது என்பர் தீர்ந்தார் எனப்படும் பள்ளியினர்; பசை ஒழிந்தது என்பது அவர்க்குப் பொருள். தீய்ந்துவிட்டது என்பதன் சிதைவு என்பர் தீய்ந்தார் எனப்படும் பள்ளியினர். பசை கருகிற்று என்பது இவர்க்குப் பொருள். தீய்ந்தார் கொள்கைப்படி தீஞ்சிருச்சு என்றன்றோ வரவேண்டும் என்று தீர்ந்தார் கேட்க, அனுப்பியவர் எந்த மாவட்டத்தார் என்று தெரியாமல் அவ்வாறு கூறலாகாது எனத் தீய்ந்தார் கூற, மாவட்டம் அறிய மேற்கொண்ட களப்பணியில் இரு குழுவும் ஒரே விடுதியில் தங்கி, ஒரே அறையின் வாடகையைத் தனித்தனியே பயணப்படியாகப் பெற்றன. சமரசம் கண்ட மூன்றாமவர் ஒருவர், தீர்ந்த பசையே தீய்ந்தது, அதாவது குச்சி ஒழிந்தபின்னும் குளூ கன்னை மின்னிணைப்பிலிருந்து எடுக்காமையால் உள்ளே எஞ்சியது கருகிற்று என்று இரு பொருளும் கொண்டு, சிலேடை என நிறுவி, அதற்காகப் பொன்னாடை பெற்றார்.

இனி உள்ளுறை. வெளிப்படையில் இது செய்தி. உள்ளத்தில் இது ஏவல். கடை எதுவும் திறந்திராத பொழுதில் பசை இல்லை என்று ஒருவர்க்கு அறிவிப்பது, அவரிடம் இருந்தால் கொண்டுவருக என்பதையும், இல்லாவிடில் எங்கிருந்தேனும் கொண்டுவருக என்பதையும், இரண்டும் இயலாவிடில் விழித்திருந்து உடன் வருந்துக என்பதையும் ஒருங்கே உணர்த்தும். இதற்கு மறுமொழியாக வந்தது நிமிர்ந்த கட்டைவிரல் குறி ஒன்றே. கட்டைவிரல் கண்டவுடன் ஏகலைவனை நினைத்த உரைகாரர் ஒருவர், மாணவனின் விரலைக் காணிக்கையாகக் கேட்கும் வழக்கம் குறித்து முப்பது பக்கம் எழுதத் தொடங்கி, தம் நெறியாளர் அதைப் படிக்கக்கூடும் என்று நினைவு வந்ததும் நிறுத்திவிட்டார்.

உரைகள் எவற்றிலும் இடம்பெறாத செய்தி ஒன்று உண்டு. செய்தியைப் பெற்ற நண்பர் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, தம் தாயார் கொலு அலங்காரத்துக்கென எடுத்துவைத்திருந்த ஆறு குளூ குச்சிகளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, சைக்கிளில் வந்து சேர்ந்தார். அவற்றுள் நான்கு போதுமானதாக இருந்தது.

5. மெய்ப்பாட்டியல்

படம் எடுக்கும்போது உடம்பில் தோன்றும் குறிகள் மெய்ப்பாடு எனப்படும், அவை எட்டு. நகை, பாத்திரம் சிரிக்காத பாத்திரமாயின் விலக்கப்பட்டது. இளிவரல், அதே பாத்திரத்தை இன்னொருவர் மேலும் நன்றாக அணிந்து வரக் காணுங்கால் தோன்றும். மருட்கை, நீ உயரமாக இருப்பாய் என நினைத்தேன் என்று எவரேனும் சொல்லுங்கால். அச்சம், படம் எடுத்தவர் மெமரி கார்டைக் காணோம் என்னுங்கால். வெகுளி, எடுத்த படத்தில் வாளின் நுனி வெட்டுப்பட்டிருக்கக் காணுங்கால். உவகை, முன்பின் அறியாத சிறுமி ஒருத்தி பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கூவி ஓடிவருங்கால். பெருமிதம் எல்லாப் படத்திலும் வெளியே தெரியும். அழுகை எல்லாப் படத்திலும் உள்ளே இருக்கும்.

அழுகை பற்றி மட்டும் விரித்துரைக்கத் தகும். சிவந்த கண் வேண்டும் பாத்திரத்துக்காக அணியும் வண்ண லென்ஸ், பழக்கமில்லாத கண்ணில் ஏறக் கால்மணி நேரம் பிடிக்கும். ஏறியபின் கண்ணீர் பெருகி மையைக் கரைக்கும். மையைச் சரிசெய்யத் துடைக்கையில் லென்ஸ் நழுவும். இச்சுழற்சிக்கு நடுவில், செயற்கை முடியின் ஒரு கற்றை உதட்டுச்சாயத்தில் ஒட்டிக்கொள்ள, கையுறை அணிந்த விரலால் அதை எடுக்க இயலாமல், வாளை உயர்த்திய கை நடுங்க, ஒருவர் அசையாது நிற்பார். படத்தில் அது ஆயிரமாண்டுச் சாபத்தைச் சுமந்த அரக்க இளவரசனின் துயரமாகப் பதிவாகும், துயரம் உண்மையே.

டோக்கியோவில் படம் எடுப்போர் வரிசையில் நின்று, முறை வரும்போது வணங்கி, எடுத்து, நன்றி சொல்லி அகல்வர். கூட்டம் மிகுந்தால் வட்டமாகச் சூழ்ந்து நிற்க, பத்திலிருந்து இறங்குமுகமாக எண்ணி, சுழி வந்ததும் வட்டம் கலையும். வேடம் அணிந்திருப்பது தொடுவதற்கு இசைவு ஆகாது என்னும் பொருள்பட 2014இல் நியூயார்க் காமிக் கானில் பலகைகள் நிறுத்தப்பட்டன. எழுதாமலே விளங்கியிருக்க வேண்டிய இதை எழுதி நிறுத்த நேர்ந்தமையின், இங்கு நகைக்க இடமில்லை.

தமிழகப் பூங்காக்களில் நிகழும் படப்பிடிப்புக்கு மட்டும் உரிய கருப்பொருள்கள் இரண்டு. ஒன்று, மூடுபனிக்காக ஏற்றப்படும் சாம்பிராணிப் புகை. இதனால் நரகத்தின் வாயிற்காவலன் வெள்ளிக்கிழமை மணம் கமழ நிற்பான். மற்றொன்று, நடைப்பயிற்சிக்கு வந்த முதியவர் நின்று கேட்கும் வினா. தம்பி, எந்த சீரியல் என்பது அவ்வினா. சீரியல் இல்லை சார், சும்மா ஆசைக்கு என்பது இதுவரை பதிவான ஒரே விடை. சம்பளம் எவ்வளவு என்று அவர் தொடர்ந்து கேட்க, எதுவும் இல்லை சார், எங்க காசுதான் என்று விடை வர, முதியவர் சற்று நேரம் அரக்கனின் கொம்பை உற்றுநோக்கி, நல்லா பண்ணிருக்கீங்க, எதுல செஞ்சது என்று கேட்டு, பாய் என்று அறிந்து, தொட்டுப் பார்த்துச் செல்வார். வேடமணிதல் குறித்து இதுவரை நிகழ்ந்த ஆய்வுகளுள் கேட்கவேண்டியதைக் கேட்டது இது ஒன்றே.

6. புறனடை

இங்குக் கூறாதனவும் கூறியவற்றோடு சார்த்தி உணரத்தக்கன. அவற்றுள் ஒன்று, ரசிகர் மாநாட்டுக்கும் ஆய்வுக் கருத்தரங்குக்கும் உள்ள ஒப்புமை. இரண்டிலும் காலையில் பதிவு மேசை, கழுத்தில் தொங்கும் பெயரட்டை, துணிப்பை, நீண்ட வரிசை, மதிய உணவுக்கு முந்தைய அமர்வில் கொட்டாவி, மாலையில் குழுப்படம் ஆகியன உண்டு. இரண்டிலும் தமக்கு உவப்பான பாத்திரத்தின் பெருமையைப் பிறர் ஒப்பும்வரை விடாது பேசுவோர் உண்டு. பட்டமளிப்பு விழாவில் வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியும், நிற்கமறுக்கும் தட்டைத் தொப்பியும் அணிந்து ஸ்டுடியோவில் புத்தக அலமாரி வரைந்த திரைக்கு முன் நிற்பது, காஸ்ப்ளே படப்பிடிப்பின் இலக்கணம் அனைத்தும் நிரம்பியது. தாமே தைக்காமை ஒன்றே குறை.

வேறுபாடும் ஒன்று உண்டு. வேடமணிந்தவர் மாலையில் அரங்கின் உடைமாற்றும் அறைக்குச் சென்று, லென்ஸைக் கழற்றி, முடியை வலைப்பையில் சுருட்டிவைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டுச் சாயத்தைத் துடைத்து, நகக்கண்ணில் ஒட்டிய பசையை மட்டும் எடுக்க முடியாமல் விட்டுவிட்டு, எல்லாரோடும் ரயிலேறிப் பெயர் தெரியாதவராக வீடு போய்ச் சேர்வார். வேடத்தோடு வீடு திரும்பலாகாது என்னும் டோக்கியோ விதியை ஏற்றுக்கொண்ட கருத்தரங்கு எதுவும் இதுகாறும் இவ்வாய்வின் பார்வைக்கு வரவில்லை.